பாதியில் நிறுத்திய கேசட்



'அன்னக்கிளி' வந்து பத்து வருஷம் கழித்து, 1986-ல் இளையராஜா சினிமாவுக்கு வெளியே ஓர் இசைத்தொகுப்பு தந்தார். பெயர் 'ஹவ் டு நேம் இட்?', அதாவது 'இதற்கு என்ன பெயர் வைப்பது?'. அந்தக் கேசட்டை வெள்ளகோவிலில் தறிச் சத்தத்துக்கு நடுவே போட்டுக் கேட்டேன். பாட்டே இல்லை, வாத்தியம் மட்டும்தான். "இது நமக்கு எட்டாத சங்கதி" என்று பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாகக் கேட்டேன். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் செபாஸ்டியன் பாக்குக்கும் அதைக் காணிக்கையாக்கியிருக்கிறார். பாக் மறைந்தது 1750-ல்; தியாகராஜர் பிறந்தது 1767-ல். ஒருவரையொருவர் பார்த்தே இராத இருவரையும் பண்ணைப்புரத்துக்காரர் ஒரே திண்ணையில் உட்காரவைத்துவிட்டார். ஓர் உருப்படிக்கு 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பேசுகிறது. அதைப் புரிந்துகொள்ள இசைப் படிப்பு வேண்டியதில்லை.

அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். அது தன்னுடையதல்ல என்று அவர் ஒதுக்கவில்லை.

நானோ வகுப்பில், "அதெல்லாம் நமக்கு வராது" என்று சில பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்காமலே கேசட்டை நிறுத்தியவன் சொன்ன வார்த்தை அது. அதை மறந்துடுங்க கண்ணுகளா. இன்னைக்கு ராத்திரி, தறி ஓய்ந்த பிறகு, இதைக் கேட்டுப் பாருங்க.