மார்ச்சில் வந்த அப்டேட், மே மாதம் வந்த பூட்டு

செவ்வாப்பேட்டை, காக்களூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துச் சிறு பட்டறைகளுக்கும் கம்ப்யூட்டர் வைரஸுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பது தவறு. 1986இல் லாகூரில் எழுதப்பட்ட 'பிரெயின்' வைரஸ், ஃபிளாப்பி கைமாறிய இடமெல்லாம் போனது. ஆள் பார்த்துப் போகவில்லை. 2017 மே 12 அன்று கிளம்பிய 'வன்னாக்ரை' ரான்சம்வேரும் அப்படித்தான். விண்டோஸின் ஓர் ஓட்டை வழியே தானாகவே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவி, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

'எங்கள் மெஷினில் இன்டர்நெட்டே இல்லையே' என்பார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. 2019இல் கூடங்குளத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் மால்வேர் நுழைந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது; உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றது. ஆனால் 2010இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' பென்டிரைவ் வழியாகவே பரவக்கூடியது. ஈரானின் நதன்ஸ் அணு ஆலை இயந்திரங்களையே பழுதாக்கியது. ஆகவே பட்டறை முதலாளிகளே, அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்; திருட்டு விண்டோஸை விடுங்கள்; கணக்கையும் டிசைனையும் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, எடுத்த கையோடு அதைக் கழற்றி வையுங்கள்.