ஒற்றைத் தாள் வியாபாரம்

தபாலில் வரும் விளம்பரத் தாள்களைப் படிக்காமல் எறிய எனக்கு மனம் வருவதில்லை. முகம் தெரியாத ஒருவரை எழுத்தாலேயே நம்பவைப்பதுதானே கதை எழுதுகிறவனுடைய தொழிலும்?

இதில் பலே கெட்டிக்காரர் சிகாகோவில் இருந்த ஆரன் மாண்ட்கோமரி வார்டு. ஊர் ஊராய்ச் சரக்கு விற்று அலைந்தவர். உள்ளூர்க் கடைக்காரன் வைத்ததே விலை என்று குடியானவர்கள் புழுங்குவதைக் காதாரக் கேட்டவர். 1871-ல் சிகாகோவை எரித்த பெருந்தீ, அவர் சேர்த்திருந்த சரக்கையும் சாம்பலாக்கியது. மனிதர் சளைக்கவில்லை. மறு வருஷமே ஒற்றைத் தாள் ஒன்றை அச்சிட்டு, ‘கிரேஞ்ச்’ என்ற விவசாயிகள் சங்கத்தாருக்கு அனுப்பினார். 163 சாமான்கள், எதிரே விலை, வாங்கும் விதம், அவ்வளவுதான்.

விலை மலிவாயிருந்ததே வினையாயிற்று. இது மோசடி, குடியானவர்களே உஷார் என்று 1873 நவம்பரில் ‘சிகாகோ டிரிபியூன்’ எழுதிவிட்டது. அடுத்த மாதமே, கம்பெனி நாணயமானதுதான் என்று தெரிந்து, தன் தவற்றை ஒப்புக்கொண்டது. வேறொருவராயிருந்தால் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார். வார்டோ அந்த மறுப்பையே அச்சிட்டு வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பினார்! காசு கொடுத்தாலும் கிடைக்காத நற்சாட்சிப் பத்திரம் அல்லவா அது?

1875-ல் இன்னொரு வாக்குறுதி சேர்ந்தது: சரக்கு பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். கண்ணால் காணாத சாமானை வாங்கத் தயங்குகிறவரின் பயத்தை அது நேரே போய்த் தொட்டது. எந்த அலங்கார வாசகத்துக்கும் அந்தப் பலம் வராது என்பது என் கட்சி.

1883-ல் ஒற்றைத் தாள் 240 பக்கப் புத்தகமாகி, சுமார் 10,000 சாமான்களைச் சுமந்து போயிற்று. பிற்பாடு சில ஊர்களில் கடைக்காரர்கள் இத்தகைய விலைப் புத்தகங்களைக் குவித்துச் சொக்கப்பனை கொளுத்தினார்கள்.