கடுக்கலூர் பழனி – சத்தியம் காத்த ஒரு குடும்பஸ்தர்

எங்கள் கட்டுமாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று வரிசையாக ஊர்கள் வரும். அந்தப் பக்கத்தில், ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டாரத்தில் இருக்கும் சின்னக் கிராமம்தான் கடுக்கலூர். 2020 ஜூன் மாதம் நாடே அந்தப் பேரைக் கேட்டது. காரணம், ஹவில்தார் பழனி.

18 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர் அவர். இறக்கும்போது வயது 40. பீரங்கிப் படையில், 81-வது ஃபீல்டு ரெஜிமெண்டில் இருந்தார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். தம்பியும் ராணுவ வீரர்தான். சம்பாதித்ததில் குடும்பத்துக்காக ஒரு வீடு கட்டினார். அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் புதுமனை புகுவிழா நடந்தது. ஆனால் லடாக் எல்லையில் பதற்றம், அவரால் ஊருக்கு வர முடியவில்லை. வீட்டுக்காரர் இல்லாமலே விழா முடிந்தது!

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ராணுவத்தில் பயிற்சி முடிக்கும் ஒவ்வொரு வீரரும் சத்தியப்பிரமாணம் எடுக்கிறார். அதற்குக் 'கசம் பரேட்' என்று பெயர். கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப் எனத் தன் மதத்தின் புனித நூல் சாட்சியாக, தரை, கடல், வான் எந்த வழியில் அனுப்பினாலும் போவேன், உயிருக்கு ஆபத்து வந்தாலும் கட்டளையை மீற மாட்டேன் என்று உறுதி சொல்கிறார். நாட்டுப்பற்றையும் கடவுள் நம்பிக்கையையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு அது. பெரும்பாலானவர்கள் அதைச் சொல்லும்போது கல்யாணம் ஆகாத இளைஞர்கள். மனைவி, பிள்ளைகள் எல்லாம் பிறகுதான். அப்போது அந்தச் சத்தியத்தின் பாரம் பல மடங்கு கூடிவிடுகிறது, இல்லையா?

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் அந்தச் சோதனை வந்தது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கியால் சுடக் கூடாது என்று 1996-ல் இந்தியாவும் சீனாவும் ஒப்பந்தம் செய்திருந்தன. அதனால் அன்று துப்பாக்கிச் சண்டை இல்லை. கற்கள், தடிகள், ஆணி பதித்த கம்பிகள்! கூர்மையான ஆயுதத்தால் தாக்கிய பிறகும் பழனி பின்வாங்காமல், கூட இருந்தவர்களைக் காக்க நின்றார். கர்னல் சந்தோஷ் பாபு உட்பட இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். தங்கள் தரப்பில் நான்கு பேர் இறந்ததாக 2021 பிப்ரவரியில்தான் சீனா ஒப்புக்கொண்டது. 1975-க்குப் பிறகு சீன எல்லையில் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் உயிரிழந்தது அதுவே முதல் முறை.

ஜூன் 18 அன்று சொந்த ஊரில் ராணுவ மரியாதையுடன் பழனி அடக்கம் செய்யப்பட்டார். 2021 குடியரசு தினத்தையொட்டி வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அந்த நவம்பரில் டில்லியில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்திடமிருந்து அவர் மனைவி அதைப் பெற்றுக்கொண்டார்.

போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது நமக்குப் புதிதல்ல. நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள் என்று தொடங்கி ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் சொல்கிறது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையிலேயே தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகல் கிடைத்திருக்கிறது. ஆனால் நடுகல்லில் பெரும்பாலும் பேரும், ஊரும், அவன் விழுந்த சண்டையும்தான் இருக்கும். வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்பது இருக்காது.

இன்றும் 'வீரமரணம்' என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். பழனி 22 வருடம் வேலை பார்த்தார். அதில் கடைசி ஒரு இரவுதான் நமக்குத் தெரியும். மீதி வருடங்களில் எத்தனை பண்டிகை, எத்தனை பிறந்தநாள் விட்டுப்போயிருக்கும்! அந்த வருடங்களை அவரோடு சேர்ந்து அவர் மனைவியும் பிள்ளைகளும் கொடுத்திருக்கிறார்கள். அவரை நினைக்கும்போது பதக்கத்தோடு அந்தப் புது வீட்டையும் நினைப்போம் நண்பர்களே. அதுவும் அவருடைய சேவைதான்.