சூரியப் புயல் – 4: பதினேழு மணி நேரம்

சாட்சிக்கு ஆள் தேடி ஓடிய ரிச்சர்ட் கேரிங்டன் ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிட்டார். அதற்குள் காட்சி மங்கத் தொடங்கியிருந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி: 1859 செப்டம்பர் 1, வியாழக்கிழமை. லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில். தொலைநோக்கி விழவைத்த சூரிய பிம்பத்தில் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, 11.18-க்குக் கண்கூசும் இரண்டு ஒளித்திட்டுகளைக் கண்டார் கேரிங்டன். 11.23-க்கு அவை சுவடின்றி மறைந்தன.

நல்லவேளை, லண்டனில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் அதே ஒளியைப் பார்த்திருந்தார். அவரும் பார்க்காமல் போயிருந்தால் கேரிங்டனை யார் நம்பியிருப்பார்கள்? இன்னொரு சாட்சியும் இருந்தது, அது வாய் பேசாதது. கியூ ஆய்வுக்கூடத்தில் புகைப்படத் தாளில் தானாகப் பதிவாகும் காந்த ஊசி, அதே நேரத்தில் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளியிருந்தது.

பதினேழு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கழிந்தது. கியூவின் ஊசி இப்போது தாளின் எல்லையையே தாண்டி ஓடியது. துருவப் பகுதிக்கே உரிய வானொளி கியூபா வரை இறங்கிவந்து சிவந்தது. தந்திக் கம்பிகளில் யாரும் செலுத்தாத மின்சாரம் பாய்ந்தது. அமெரிக்காவில் பாஸ்டன், போர்ட்லண்ட் தந்திக்காரர்கள் துணிச்சல்காரர்கள். இரு முனையிலும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வானம் தந்த மின்சாரத்திலேயே சுமார் இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பினார்கள்!

சூரியனில் ஒளி, பூமியில் புயல். இரண்டையும் முடிச்சுப்போட யாருக்கும் கை துறுதுறுக்கும். கேரிங்டன் அவசரப்படவில்லை. பொருத்தத்தைக் குறிப்பிட்டார், ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவு கட்ட மறுத்தார். என் கணிப்பில், அந்த ஒளியைக் கண்டதைவிட இந்த நிதானம்தான் பெரிது.

ஆனால் 1892-இல் அந்த முடிச்சை ஒரேயடியாக வெட்ட ஒருவர் எழுந்தார். சாதாரண ஆள் அல்ல, ராயல் சொசைட்டியின் தலைவர் கெல்வின் பிரபு. 1885-இல் வீசிய எட்டு மணி நேரக் காந்தப் புயல் ஒன்றைக் கணக்கிட்டார். அதைச் சூரியன்தான் கிளப்பியது என்றால், நான்கு மாதங்களில் வெளிவிடும் ஒளி, வெப்பம் அத்தனைக்கும் ஈடான ஆற்றலை அந்த எட்டு மணி நேரத்தில் செலவழித்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா? கரும்புள்ளிக்கும் காந்தப் புயலுக்கும் தொடர்பே இல்லை, எல்லாம் தற்செயல் என்பது அவர் தீர்ப்பு.

கணக்கில் பிழையில்லை. சூரியன் தன் சக்தியை எல்லாத் திசைக்கும் சமமாக வாரி இறைக்கிறது என்று எடுத்துக்கொண்டாரே, பிழை அங்கே இருந்தது. அதை அம்பலப்படுத்தியவர் கிரீன்விச்சில் 27 நாள் என்ற எண்ணைத் துரத்திக்கொண்டிருந்த வால்டர் மாண்டர். அதென்ன 27? அடுத்த வாரம்.

(தொடரும்)