சாமியார்கள் நிறுத்திய ரேஸ்

ஷோரூமில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய கார். அதை வைத்தே பந்தயம் விட்டால் அது 'ஸ்டாக் கார்' ரேஸ். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் பலர் யார் தெரியுமா? கள்ளச்சாராயம் கடத்தியவர்கள்! ராத்திரியில் போலீஸுக்குத் தண்ணி காட்டிப் பழகிய கைகள், ஞாயிற்றுக்கிழமை ரேஸிலும் பேசின.

வட கரோலினாவில் ஹில்ஸ்பரோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஈனோ ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றில் பழைய குதிரைப் பந்தயத் தடம் கிடந்தது. 'நாஸ்கார்' அமைப்பைத் தொடங்கிய பில் பிரான்ஸ், 1948-ல் அதை ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவான மண் தடமாக மாற்றினார். அந்தப் பகுதிப் பழங்குடிகளின் பெயரையே வைத்தார்: அக்கோனீச்சி.

மண் தடத்தில் ஓட்டுவது தனி வித்தை. வளைவில் காரின் பின்பக்கம் வெளியே வழுக்கும். பிரேக்கை மிதித்தால் காரியம் கெட்டது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்ஸிலேட்டரை அளந்து மிதித்து, அந்த வழுக்கலிலேயே திரும்ப வேண்டும். முன்னால் போகிற கார் கிளப்பும் புழுதியில் பாதை தெரிந்தால் புண்ணியம்!

நாஸ்காரின் முதல்தரப் பந்தயங்களுக்கு முதல் சீசன் 1949. மொத்தம் எட்டே பந்தயங்கள். அதில் ஒன்று இங்கே நடந்தது. ஜெயித்த பாப் ஃபிளாக், சாராயம் கடத்திய குடும்பத்துப் பிள்ளைதான். மறுவருஷம் 21 வயசு ஃபயர்பால் ராபர்ட்ஸ் தன் முதல் பெரிய வெற்றியை இங்கேதான் ருசித்தார். பேஸ்பாலில் பந்து வீசிய வேகத்துக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. 1964-ல் சார்லட்டில் நடந்த ரேஸில் கார் தீப்பிடித்து, அந்தக் காயத்தாலேயே இறந்துபோனார். பாவம்.

அக்கோனீச்சிக்கு வினை வேறு ரூபத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கா, காருக்கா? உள்ளூர்ப் பாதிரியார்கள் விடாமல் எதிர்த்தார்கள். கடைசியில் பிரான்ஸுக்கு அலுத்துவிட்டது. 1968 செப்டம்பரில் நடந்த கடைசிப் பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். அடுத்த வருஷமே அலபாமாவின் டலடேகாவில் 2.66 மைல் நீளத்தில் பிரமாண்டமான தார் மைதானம் தயார். பாதிரியார்கள் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. வேகத்துக்கு மண் போதாது என்கிற காலமும் வந்துவிட்டது. 1970-க்குப் பிறகு ஐம்பது வருஷம், நாஸ்காரின் முதல்தரப் பந்தயம் எதுவும் மண்ணில் நடக்கவில்லை.

1949-ல் ரேஸ் நடந்த மார்ட்டின்ஸ்வில்லுக்கு 1955-ல் தார் போட்டார்கள்; பிழைத்துக்கொண்டது. லேங்ஹார்ன் தடம் கடைவீதியாகிவிட்டது. ஹில்ஸ்பரோவில் மரங்கள் முளைத்தன. 1997-ல் ஒரு அறக்கட்டளை நிலத்தை வாங்கிப் பாதுகாத்தது. 2002-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. ஃபிளாக்கும் பெட்டியும் சீறிய வளைவுகளில் இப்போது ஜனங்கள் வாக்கிங் போகிறார்கள். கூட்டம் உட்கார்ந்து கத்திய சிமென்ட் படிகளைச் சுற்றிலும் பைன் மரங்கள்.