ஆஸ்துமாவும் உடற்பயிற்சியும்

ஓடும்போது மூக்கால் மட்டும் மூச்சுவிட்டால் போதாது; வாயும் சேர்ந்துகொள்கிறது. மூக்கில் வெதுவெதுப்பும் ஈரமும் பெறாத காற்று நேரே உள்ளே போகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதனால் மூச்சுக்குழாயின் உட்சுவர் உலர்ந்து, சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. இருமல், நெஞ்சிறுக்கம், இளைப்பு எல்லாம் இதன் விளைவே. பலருக்கு ஓடி நின்ற சில நிமிடங்களில்தான் தொல்லை உச்சத்தைத் தொடும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தணியும்.

இதற்கு அஞ்சிப் பிள்ளைகளை மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைப்பது வருந்தத்தக்கது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 597 பேர் கொண்ட அமெரிக்க அணியில் 67 பேருக்கு இத்தொல்லை இருந்தது. அவர்கள் வென்றவை 41 பதக்கங்கள். சிறுவயது முதலே கடும் ஆஸ்துமாவோடு வளர்ந்த நீச்சல் வீராங்கனை ஏமி வான் டைக்கன் 1996 அட்லாண்டாவில் 4 தங்கம் வென்றார்.

நீச்சல் குளத்தின் ஈரக்காற்று இதமானது, குளோரின் நெடி ஒத்துக்கொள்ளாதவர்களைத் தவிர.

பத்துப் பதினைந்து நிமிடம் மெல்லத் தொடங்கி உடலைச் சூடேற்றுவது பலருக்குக் கைகொடுக்கிறது. மருத்துவர் சொல்லியிருந்தால், பயிற்சிக்குச் சுமார் 15 நிமிடம் முன்பு சால்பியூட்டமால் இன்ஹேலரை எடுக்கலாம். ஆனால், அடிக்கடி அது தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். அழற்சியைத் தணிக்கும் தடுப்பு இன்ஹேலர் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். புகைமூட்டம், மகரந்தம், சளிக்காய்ச்சல் உள்ள நாளில் ஓய்வே நல்லது. இளைப்பு வந்தால் உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து சால்பியூட்டமால் இன்ஹேலரை எடுக்க வேண்டும். தணியாவிட்டாலோ பேச்சு திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.