கிழிந்ததா, கிழிக்கப்பட்டதா?

தோளின் தசைநாண் கிழிந்து யாரும் செத்துப்போவதில்லை. மருத்துவ வகைப்பாட்டின் வரலாற்றில் அந்த உறுப்பு நெடுங்காலம் ஓரமாய்க் கிடந்ததற்கு இது முக்கியக் காரணம். ஏனென்றால், இன்று ஆஸ்பத்திரிகளில் நோய்களுக்கு எண் போடப் பயன்படும் சர்வதேசப் பட்டியல் சாவுக் கணக்கிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் மரணங்களைத் தொகுத்த வில்லியம் ஃபார் அவற்றை ஐந்தாகப் பிரித்தார்: கொள்ளைநோய்கள், உடல்வாகு நோய்கள், உறுப்புவாரியான நோய்கள், வளர்ச்சி சார்ந்தவை, கடைசியாக வெளித் தாக்குதலால் நேர்பவை. அந்தக் கடைசிப் பிரிவைத்தான் கவனிக்கணும். உள்ளிருந்து வருவது ஒரு பக்கம், வெளியிலிருந்து தாக்குவது மறுபக்கம் என்ற கோடு அங்கேயே விழுந்துவிட்டது. 1893இல் சிகாகோவில் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த பட்டியல் அதை அழிக்கவில்லை. (குற்றவாளிகளின் உடம்பை அளந்து அட்டையில் பதிந்த பாரிஸ் போலீஸின் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் இவருடைய தம்பி. குடும்பமே கணக்கெடுத்த குடும்பம்.) 1948இல் ஆறாவது திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்டபோதுதான் சாகாமல் வலியோடு வாழ்பவர்களுக்கும் பட்டியலில் முறையான இடம் கிடைத்தது. அதன் தலைப்பிலேயே 'நோய்கள்', 'காயங்கள்' என்று இரண்டு தனிச் சொற்கள்.

சட்டமும் இதே கோட்டின் மேல்தான் நடந்தது. 1897இன் பிரிட்டிஷ் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 'விபத்தினால் நேர்ந்த காயம்' என்று கேட்டது. 1906இல் ஈயம், பாஸ்பரஸ் போன்ற ஆறு தொழில்நோய்களைச் சேர்த்தார்கள். 1923இல் இங்கே வந்த சட்டமும் அந்தச் சொற்றொடரைத் தூக்கிக்கொண்டு வந்தது. விபத்து என்றால் ஒரு கணம் வேண்டும், தேதி வேண்டும். முப்பது வருஷம் மூட்டை தூக்கியதற்கு ஏது தேதி?

பாஸ்டனில் எர்னெஸ்ட் அமோரி காட்மன் 1909இல் கிழிந்த தோள் நாண் ஒன்றைத் தைத்தார். 1934இல் தோளைப் பற்றித் தனி நூலே எழுதினார். கிழிசலுக்குக் காயமே முதன்மைக் காரணம் என்பது அவர் கட்சி. அதைவிட முக்கியம் அவர் வைத்திருந்த அட்டைகள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை; ஒரு வருஷம் கழித்து அவர் கதி என்ன, சிகிச்சை தோற்றிருந்தால் யார் பொறுப்பு என்று அதில் எழுதவேண்டும். அட்டை கணக்குக் கேட்டது ஆஸ்பத்திரியிடம். எந்த ஆஸ்பத்திரி சும்மா இருக்கும்? 1914இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து விலகினார். அடுத்த வருஷம் பாஸ்டன் மருத்துவ உலகைக் கேலிச்சித்திரமாக வரைந்து காட்டி, இருந்த மதிப்பையும் தொலைத்துக்கொண்டார்.

பிறகு காற்று திரும்பியது. 1972இல் சார்லஸ் நீர், தோள்முனை எலும்பு நாணை உரசுவதுதான் பிரச்சினை என்றார். 1983இல் கிழிசல்களில் 95 சதவீதத்துக்கு அதுவே காரணம் என்றார். குற்றவாளி உடம்புக்குள்ளேயே கிடைத்துவிட்டான். வயசானால் நாண் நைந்துபோகும் என்பது பொய்யில்லை. வலியே இல்லாத பல முதியவர்களுக்கும் ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது. ஆனால் நைவது தன்வினை, நைப்பது பிறவினை. எந்த வினையைத் தேர்கிறோம் என்பது வெறும் இலக்கணமா?

பத்தாவது திருத்தத்தை அமெரிக்கா தனக்கேற்ப விரித்து 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் தோள் நாண் கிழிசலுக்கு இரண்டு வீடுகள். எஸ் 46.01 என்றால் காயம். எம் 75.1 என்றால் நோய். அதன் தலைப்பு, 'காயத்தால் என்று குறிப்பிடப்படாத' கிழிசல். காயமில்லை என்று அது சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை என்றுதான் சொல்கிறது. டாக்டர் மௌனமாக இருந்தால் தோள் தானாகவே எம் வீட்டுக்குப் போய்விடும். எஸ் வீட்டில் இன்சூரன்ஸ்காரன் 'எங்கே, எப்போது, யார் இடத்தில்?' என்று கேட்பான். எம் வீட்டில் அந்தக் கேள்வி எழவே வேண்டியதில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது திருத்தத்திலும் இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள்தான்.

மருத்துவரின் பார்வை பற்றி எழுதிய ஃபூக்கோவை நம்மவர்கள் மேற்கோள் காட்டியே ஓய்ந்துவிட்டார்கள்; கணக்குப்பிள்ளையின் மேசைப் பக்கம் அதிகம் பேர் போகவில்லை. அந்த மேசை இன்று சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் கிடக்கிறது. மெடிக்கல் கோடிங் என்ற பெயரில், அறிவியல் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் அமெரிக்கத் தோள்களுக்கு எண் போடுகிறார்கள். அவர்களுக்குப் போதிக்கப்படும் முதல் விதி: எழுதியிருப்பதை மட்டும் எடு, ஊகிக்காதே. வைத்துக்கொள்வோம், ஒரு குறிப்பு வருகிறது: 'வயது 58, கிடங்கில் பெட்டி தூக்குபவர், வலது தோளில் பல மாத வலி, நாண் முழுதாகக் கிழிந்துள்ளது.' எண், எம் 75.121. பெட்டிக்கு அந்த எண்ணில் இடமில்லை. கூலிக்குச் செய்த வேலை என்று காட்ட ஒய் 99.0 என்று இன்னொரு எண் பட்டியலின் கடைசியில் இருக்கத்தான் செய்கிறது. அதைப் போட்டே ஆகவேண்டும் என்று அமெரிக்கா முழுமைக்குமான கட்டாயம் கிடையாது.